பதினேழு சேக்கல் வெள்ளியும் ஒரு மண்பாண்டமும்

நம் சபைகளில் "கீழ்ப்படி" என்கிற வார்த்தை பெரும்பாலும் மேடையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. வேலை போனவருக்கும், நோயாளியை வீட்டில் வைத்திருப்பவருக்கும், கடனில் மாட்டியவருக்கும் ஒரே பதில்: "கேள்வி கேட்காதே, கீழ்ப்படி, ஆசீர்வாதம் தானாக வரும்." வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 32ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒரு முறை வாசித்தால் இந்தப் போதனை அங்கே நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

யூதாவின் ராஜா சிதேக்கியா அரசாண்ட 10ஆம் வருஷம், கி.மு. 587 வாக்கில். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்து, மதிலை ஒட்டி மண்மேடு எழுப்பியிருக்கிறது. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருக்குக் கிடைத்த படி, அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளுக்கு ஒரு அப்பம். நகரம் விழும் என்று சொன்னதற்காகத்தான் அந்தக் காவல். அந்த மனுஷனிடம்தான் கர்த்தர், ஆனதோத்தில் நிலம் வாங்கு என்கிறார்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே, எதிரி நடமாடும் பூமி. வாங்குகிறவர் போய்ப் பார்க்க முடியாது, உழ முடியாது, வேலிகூடப் போட முடியாது. இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு, பிரசங்கங்களில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். தீர்க்கதரிசனம் சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று அவரை மிரட்டியதும் அதே ஊர்தான் (அதிகாரம் 11). கூடப்பிறந்தவர்களும் துரோகம் பண்ணினார்கள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அந்த ஊரிலிருந்து பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, மீட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது, என் நிலத்தை வாங்கிக்கொள் என்று சிறை முற்றத்தில் நிற்கிறான். லேவியராகமம் 25இன்படி, ஏழ்மையில் நிலத்தை விற்கிறவனுக்குக் கைகொடுக்க வேண்டியது அவனுடைய நெருங்கிய உறவினன். தன்னைக் கொல்லப் பார்த்த ஊருக்கு அந்தக் கடமையைச் செய்ய வேண்டும். தாழ்மை என்கிற சொல்லுக்கு இந்த அதிகாரத்தில் அர்த்தம் தேடினால் எனக்கு இந்த இடம்தான் தெரிகிறது.

எட்டாம் வசனம் சின்னது. அனாமெயேல் வருவான் என்று முதலில் வார்த்தை வந்தது. அவன் வந்து நின்றான். அதற்குப் பிறகுதான், இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியா சொல்கிறார். ஏறக்குறைய 40 வருஷம் தீர்க்கதரிசனம் சொல்லிப் பழகினவர்கூட, தன் உள்ளத்தில் கேட்டதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பணத்தை எடுத்தார். இன்றைக்கு யாரோ "கர்த்தர் எனக்குக் காட்டினார், உன் இடத்தை விற்றுக் காணிக்கையாகக் கொடு" என்று சொன்னதை நம்பி, அதே வாரத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து ஒன்றை மட்டும் பாருங்கள்: இந்த அதிகாரத்தில் வார்த்தையைச் சொன்னவர் யாரிடமும் வசூலிக்கவில்லை. தன் கையிலிருந்து கொடுத்தார்.

எவ்வளவு? 17 சேக்கல் வெள்ளி. அன்றைக்கு யூதாவில் நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். ஒரு சேக்கல் சுமார் 11.4 கிராம். மொத்தம் 190 கிராமுக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் 24 பவுன் எடை. முற்றுகை காலம்தானே, அடிமாட்டு விலைக்குக் கேட்டார் என்று எங்கும் எழுதியில்லை. சொன்ன விலையை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், முற்றத்தில் இருந்த யூதர் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு சட்டமுறையும் விட்டுப்போகவில்லை.

முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று அந்தப் பத்திரத்தைப் பற்றி வருகிறதே, அது என்னவென்று பலர் கேட்கிறார்கள். ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். ஒன்றைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின் மேல் களிமண் உருண்டையை வைத்து முத்திரை அழுத்துவார்கள். மற்றது யாரும் வாசிக்கத் திறந்திருக்கும். திறந்ததில் யாராவது கைவைத்தால், வழக்கு வரும்போது முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிடலாம். இதே முறையில் எழுதிய பத்திரங்கள், பிற்காலத்தவை, யூதேயா வனாந்தரத்துக் குகைகளில் கிடைத்திருக்கின்றன.

பிறகு தன் எழுத்தர் பாருக்கிடம் எரேமியா சொன்னது: இரண்டையும் மண்பாண்டத்தில் வை, அநேக நாள் இருக்கும்படி. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் தோண்டியபோது, பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டில் 51 களிமண் முத்திரைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியாவின் பெயர். எரேமியா 36இல் வருகிற அதே பெயர். அந்த முத்திரைகள் கட்டியிருந்த சுருள்கள் தீயில் சாம்பலாகிவிட்டன. களிமண் மட்டும் செங்கல்போல வெந்து தப்பியது. நகரம் எரியும் என்று தெரிந்தவர்தான் பத்திரத்தைப் பாண்டத்துக்குள் வைக்கச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். அது ஸ்தோத்திர ஜெபமாகத் தொடங்கி முறையீட்டில் முடிகிறது: இதோ மண்மேடுகள் வந்துவிட்டன, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ சாட்சிகளை வைத்து நிலம் வாங்கு என்றீரே! இதைக் கர்த்தர் கண்டிக்கவில்லை. நீளமாகப் பதில் சொல்கிறார். கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டார், மூன்று முறை கேட்டார், கேட்டபடியே சிலுவைக்குப் போனார். கஷ்டத்தில் இருக்கிறவர் "ஏன் ஆண்டவரே" என்று அழுதால் அவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்த இரண்டு ஜெபங்களையும் எங்கே வைப்பார்கள்?

அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்றான், ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியா பாபிலோனுக்கு 70 வருஷம் ஆகும் என்று எழுதினார். எரேமியா அந்த நிலத்தில் ஒரு பிடி தானியம் அறுத்ததாக வேதத்தில் இல்லை. நகரம் விழுந்தது, கடைசியில் அவரை அவருடைய சொந்த ஜனங்களே எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாண்டத்தை யார் திறந்தார்கள் என்றும் எழுதப்படவில்லை. ஆனால் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பட்டியலில், 23ஆம் வசனத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆனதோத் ஊரார், 128 பேர்.