ரத்தத்துல வர்றது இல்லை

ஞாயித்துக்கிழமை வந்த காணொளியில ஒருத்தர் பாக்சிங் பத்திப் பேசினதை எல்லாரும் பார்த்துட்டீங்க. "ரிங்குல யோசிக்கிறவன் தோத்தான். எல்லாம் உள்ளுணர்ச்சி. வடசென்னைப் பசங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு." அதுக்குக் கைதட்டல் வேற. ரெண்டு நாள் பேசாம இருந்து பார்த்தேன், முடியலை.

முகத்துக்கு நேரா ஒரு கை வந்தா உடம்பு தானா என்ன செய்யும்? கண்ணை மூடும். முகம் திரும்பும். தாடை தூக்கும். முதுகு நேரா பின்னால சாயும். இதுதான் உள்ளுணர்ச்சி. ரிங்குல இந்த நாலுமே அடி வாங்குற வழி. முதல் தடவை ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, ஏறுற பையன் காசிமேடா இருந்தாலும் அடையாறா இருந்தாலும் இதைத்தான் செய்வான். பயிற்சின்னு நாங்க செய்யறதெல்லாம் இந்தப் பழக்கத்தை மாசக்கணக்கா அழிக்கிற வேலை.

எதிர்ல நிக்கிறவன் ஒரு ரவுண்ட் முழுக்க ஜாப், அதாவது முன்னால இருக்கிற கையால நேரா போடற குத்து, அதை மட்டும் போடுவான், பாதி வேகத்துல. இவன் பின்னால வச்சிருக்கிற கையால அதைப் பிடிக்கணும், கண் மூடக்கூடாது. அது பழகின பிறகு முழு வேகம். அதுக்கப்புறம்தான் பொய்யாத் தோளை மட்டும் அசைச்சு ஏமாத்தறது. தோள் உயரத்துல கயிறு கட்டி அதுக்கு ரெண்டு பக்கமும் மாறி மாறிக் குனிஞ்சு போறதும் உண்டு. தலை நாலு விரல் நகர்ந்தா போதும். அரையடி நகர்ந்தா எடை முழுக்க முன்முட்டி மேல போயிடும், நிமிரறதுக்குள்ள கீழேருந்து மேல வர்ற குத்து, அப்பர்கட், வந்திடும்.

பையன் குத்திப் பழக கையில பேட் பிடிக்கிற கோச் தினமும் ஒரே வரிசையில ஜாப், கிராஸ் (பின்னால இருக்கிற கையோட நேர்க்குத்து), ஹூக் (பக்கத்துல வளைஞ்சு வர்ற குத்து)னு கேட்டாலும் கெட்டுப்போகும். பையன் வரிசையை மனப்பாடம் பண்ணிக்குவான். ஹூக் முடிஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு கை இறங்கும். எதிராளி அந்த இடத்துக்குத்தான் காத்திருப்பான்.

கண்ணு பார்த்து உடம்பு அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். கிட்ட இருந்து வர்ற ஜாப் அதுக்குள்ள முகத்துல இருக்கும். அதனாலதான் கையைப் பார்க்காதே, நெஞ்சைப் பாருன்னு கத்தறோம். தோளும் முன்காலும் கிளம்பறது அங்கதான் முதல்ல தெரியும்.

"அப்போ யோசிக்க நேரமில்லைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்களே அண்ணே"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். அடி மாத்திக்கிற அந்த நொடியில "ஹூக் போடலாமா"ன்னு யோசிக்கிறவன் பிந்திடுவான், ஒத்துக்கிறேன். ஆனா 3 நிமிஷ ரவுண்டுல அந்த நொடிகள் எத்தனை? மிச்ச நேரமெல்லாம் அவன் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கான் தம்பி. பாதி ஜாப் நீட்டிப் பார்ப்பான். எதிராளி தட்டிவிட வலதுகையை நீட்டினானா? அடுத்த தடவை ஜாப்பைக் காட்டிட்டு, திறந்த பக்கத்துல ஹூக். முழங்கையைத் தூக்கினானா? விலாவுக்கு. நேரா பின்னால சாய்ஞ்சானா? ரெண்டு ஜாப், கூடவே வலதுகை. ஒரு தடவை அவனால சாய முடியும், ரெண்டாவது தடவை இடம் இருக்காது. இதுக்குப் பேர் யோசனை இல்லைன்னா வேற எதுக்கு அந்தப் பேரை வச்சிருக்கோம்?

2012 டிசம்பர் 8, லாஸ் வேகாஸ். பிலிப்பைன்ஸோட பாக்கியோவும் மெக்சிகோவோட மார்க்கேஸும் மோதறாங்க. ஆறாவது ரவுண்ட் முடிய ஒரு விநாடி இருக்கும்போது பாக்கியோ பாய்ஞ்சு உள்ளே வர்றார், மார்க்கேஸோட வலதுகை காத்திருக்கு. பாக்கியோ முகங்குப்புற விழுந்தார். அந்தத் துண்டை மட்டும் பார்த்தா மின்னல்தான். ஆனா அது ரெண்டு பேருக்கும் நாலாவது சண்டை. அதுக்கு முன்னாடி முழுசா 36 ரவுண்ட் ஒருத்தரை ஒருத்தர் படிச்சிருக்காங்க. அன்னைக்கே மூணாவது ரவுண்டுல உடம்புக்கு இடதுகையைக் காட்டி, மேலே வலதுகையைச் சுத்திப் போட்டு மார்க்கேஸ் ஒரு தடவை வீழ்த்தியிருந்தார்.

1974 கின்ஷாசாவுல ஃபோர்மனோட மோதின முகமது அலி கயிறுல சாய்ஞ்சு நின்னப்போ அவரோட கார்னரே, அதாவது ரிங் மூலையில நிக்கிற அவரோட ஆளுங்களே, "வெளிய வா"ன்னு கத்துச்சு. நடுச்சண்டையில அவர் எடுத்த முடிவு அது. ஃபோர்மன் அடிச்சு அடிச்சே களைச்சு எட்டாவது ரவுண்டுல விழுந்தார்.

விழுந்தவனைப் பத்தியும் சொல்லணும். ஒருத்தன் கீழே போனா அவன் மானம் உடனே எழுந்திருன்னு சொல்லும். எழுந்தா கால் நிக்காது. ஒரு முட்டி ஊனி, கார்னரைப் பார்த்து, நடுவர் எட்டு எண்ணற வரைக்கும் மூச்சை இழுத்துட்டு எழுந்திருன்னு சொல்லித் தர்றோம். தலை சுத்திக்கிட்டு இருக்கும்போது, ஊரே பார்த்துக்கிட்டு இருக்கும்போது, பதினாறு வயசுப் பையன் முட்டி போட்டு எண்ணிக்கிட்டு இருக்கான். அவனைப் பார்த்து உள்ளுணர்ச்சின்னு சொல்றீங்க.

பாராட்டித்தானே சொன்னார்னு கேக்கறவங்களுக்கு: செஸ் ஆடற பையன் ஜெயிச்சா புத்தி, உழைப்புன்னு எழுதறீங்க. எங்க பையன் ஜெயிச்சா ரத்தம். காலையில அஞ்சு மணிக்கு ஓடறது, வாரம் முழுக்க ஒரே ஜாப்பைத் திருத்தறது, எடை இறக்க சாப்பாட்டை அளந்து வைக்கிறது, அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில போயிடுது. தோத்தா அதே வாயி "முரட்டுப் பசங்க, மூளை இல்லை"ன்னு சொல்லும். ரெண்டையும் கேட்டிருக்கோம்.

அந்தக் காணொளிக்குக் கீழே "அருமை சார்"னு போட்டவங்கள்ல மூணு பேர் பேட் பிடிச்சுத் தோள் தேய்ஞ்சவங்க. மத்தவங்க சொன்னதைக்கூட விட்டுடுவேன். நீங்க ஏன் அண்ணே அதைப் போட்டீங்க?