பாஸ்டரம்மா பெயரில் என்ன இருக்கிறது?

எங்கள் சபையின் வருடாந்தரப் பொதுக்கூட்டம் இந்த மாதக் கடைசியில் நடக்கிறது. வரவு செலவுக் கணக்கை எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. வரி வரியாகப் படித்தேன். போதகர் சம்பளம், அவருடைய இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி), பெட்ரோல் அலவன்ஸ், போதகர் குடியிருக்கும் பார்சனேஜின் தண்ணீர், மின்சாரம், ஆலயத்து ஏர்கான் சர்வீஸ், ஒலிபெருக்கி பழுது, எல்லாம் இருக்கிறது. போதகரின் மனைவி, நம் பாஸ்டரம்மாவுக்கு என்று ஒரு வரி இல்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கிறோம், அதுவும் மாதர் சங்கக் கணக்கில்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபை மட்டும் இப்படி இல்லை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பட்டர்வொர்த்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் கேட்டேன், அவர்கள் சபைகளிலும் இதே நிலைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. போதகரைச் சபை அழைத்தது, சம்பளம் அவருக்கு, மனைவி கூட வருகிறார் என்று காலங்காலமாக வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்தக் கூட்டத்திலிருந்தாவது மாற்ற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாஸ்டரம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், ஞாயிறு பள்ளி பார்க்கிறார், மாதர் கூட்டம் நடத்துகிறார், திருவிருந்துக்குத் தயார் செய்கிறார் என்று சொல்வோம். அது ஞாயிற்றுக்கிழமை நம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. மற்ற நாட்களில் நடப்பதைக் கூடவே போனவர்கள்தான் சொல்ல முடியும், அதனால் நான் சொல்கிறேன்.

போன வருடம் பி.பி.ஆர். என்ற அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு பாட்டி விடியற்காலையில் வீட்டிலேயே இறந்துபோனார். வீட்டில் நடந்த மரணம் என்றால் முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போய் அடக்க அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும், மகனோடு பாஸ்டர் அதற்காகக் கிளம்பிவிட்டார். உள்ளே மகள் ஒருத்திதான், என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். பாஸ்டரம்மா அவளிடம் முதலில் கேட்டது, "அம்மாவுக்குப் பிடிச்ச சேலை எதும்மா?" என்றுதான். அவள் அலமாரியைத் திறந்து தேடப் போன நேரத்தில் வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, முகம், கழுத்து, கை என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாட்டி பல நாள் படுக்கையில் கிடந்ததால் தலைமுடி சிக்குப் பிடித்திருந்தது. சீப்பை வைத்து இழுக்கவில்லை, கொஞ்சமாக எண்ணெய் தடவி விரலாலேயே ஒவ்வொரு சிக்காகப் பிரித்தார், உயிரோடு இருக்கிறவருக்கு வலிக்குமே என்று பார்ப்பது போல. வாய் மெல்ல ஜெபித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எழுந்து கை கழுவி, பேரப்பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, இன்றைக்குப் பள்ளியில் பரீட்சை இருக்கிறதா என்று விசாரித்து, ஆசிரியருக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்.

இதெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது. பாஸ்டர் நடத்திய அடக்க ஆராதனை மட்டும் ஆண்டறிக்கையில் ஓர் எண்ணிக்கையாக வரும்.

இன்னொன்று சொல்கிறேன், இது நம் சமுதாயத்தில் ரொம்பப் பெரிய விஷயம். ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாத பிள்ளைகள். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். பணக் கஷ்டம், குடும்பச் சண்டை, பயம் என்று ஏதோ ஒரு காரணத்தால் விட்டுவிடுகிறார்கள். 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும், ஆனால் தாலி கட்டியாயிற்று, விருந்து வைத்தாயிற்று, அது போதும் என்று நினைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், திருமணப் பதிவு இல்லை என்றால், பிள்ளை சட்டப்படி அம்மாவின் குடியுரிமையைத்தான் பின்பற்றும், இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் தொல்லை, ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம், வளர்ந்த பிறகு வேலைக்குப் போவதிலும் தொல்லை.

எங்கள் பாஸ்டரம்மாவிடம் இதற்கென்றே ஒரு நீல நிற பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறது. அதில் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நகல்கள், தடுப்பூசி அட்டை, பழைய படங்கள், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டு. கைப்பிள்ளையோடு அம்மா வரிசையில் நிற்க முடியாது என்று இவர் விடிவதற்கு முன்பே கிளம்பி தேசியப் பதிவுத் துறையில் நம்பர் எடுத்து வைப்பார். புத்ராஜெயா தலைமையகத்துக்கு வரச் சொன்னால் அங்கேயும் கூடப் போவார், மலாய்ப் பாரத்தைப் படித்துச் சொல்லி, எந்த இடத்தில் கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவார். கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வருகிற ஜோடியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியே "ரெஜிஸ்டர் பண்ணீங்களா?" என்பதுதான். இந்தக் குடும்பங்களில் பாதிக்கு மேல் நம் சபைக்காரர்களே இல்லை.

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச் 18-இல் ஆலயத்தை மூடினோம், ஆராதனை போனுக்குள் போனது. பார்சனேஜ் அடுப்படி மட்டும் மூடவில்லை. 2021 நடுவில் சோற்றுக்கு வழியில்லாத வீடுகள் சன்னலில் வெள்ளைக் கொடி கட்டியபோது, எந்த மாடியில் கொடி தெரிகிறது என்று இளைஞர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள், இவர் அரிசி, மாவு, முட்டை, பால் மாவு என்று பை கட்டிக் கொடுப்பார். பத்துமலைக்குப் பால் குடம் எடுக்கிற குடும்பத்துக்கும் அதே பைதான். யார் சபைக்கு வருவார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். எங்களைப் போல மாற்றல் முறை உள்ள சபைகளில் மாநாட்டில் பெயர் வாசித்தால் போதகர் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். பிள்ளைகள் படிவம் நான்கில், 16 வயதில், பள்ளி மாறுவார்கள், புது ஊரில் "பாஸ்டர் பிள்ளையா இப்படி?" என்ற பார்வையையும் சுமப்பார்கள். ஆனால் மனைவியின் வேலை என்ன ஆகிறது என்று யாராவது யோசித்தோமா? எங்கள் பாஸ்டரம்மா கல்யாணத்துக்கு முன்பு தடிகா (பாலர் பள்ளி) ஆசிரியை. ஒவ்வொரு மாற்றலிலும் வேலையை விட்டார், புது ஊரில் குறைந்த சம்பளத்தில் தொடங்கினார், கடைசியில் மாமியார் படுத்த படுக்கையானபோது மொத்தமாக நிறுத்தினார். அவர் இபிஎஃப் கணக்கு விட்டு விட்டுத்தான் ஏறியிருக்கிறது. குடியிருக்கும் வீடு சபையின் வீடு. பாஸ்டர் ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பாஸ்டருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் (ஆகக் கூடாது) காலி செய்யத்தான் வேண்டும். வீட்டில் சாவு நடந்த கையோடு வீடு தேட வேண்டிய நிலை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் அம்மா சுசன்னாவும் ஒரு போதகரின் மனைவிதான். 19 பிள்ளைகள் பெற்று, பாதியளவு குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். கணவர் சாமுவேல் கடனுக்காகச் சிறைக்குப் போனபோதும், 1709-இல் வீடு எரிந்தபோதும் குடும்பத்தைத் தாங்கினார். கணவர் லண்டனுக்குப் போயிருந்த ஒரு காலத்தில் ஞாயிறு மாலை வீட்டில் பிள்ளைகளுக்காக ஜெபம் நடத்தப்போய், ஊர் ஜனம் 200 பேர் வரை வந்து குவிந்தார்கள். உதவிப் போதகர் புகார் எழுதினார், சுசன்னா நிறுத்தவில்லை. அப்படி இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் 40 வருடத்துக்கு நெருக்கமாக வாழ்ந்த பெண், 1735-இல் கணவர் இறந்ததும் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அதன் பிறகு தனக்கென்று வீடு இல்லாமல் பிள்ளை வீடு பிள்ளை வீடாக மாறி இருந்து, 1742-இல் லண்டனில் ஜானின் இடத்தில் கண்ணை மூடினார். கிட்டத்தட்ட 300 வருடம் ஆகிறது, இந்த ஒரு விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஊழியத்துக்குக் கூலியா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள், மரியாதையோடு பதில் சொல்கிறேன். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டித்தான் போதகருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். அன்னையர் தினத்தில் தவறாமல் நீதிமொழிகள் 31-ஐ வாசிக்கிறோம், குணசாலியான ஸ்திரீ, விலை முத்துக்களைப் பார்க்கிலும் உயர்ந்தது என்று. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்று இருக்கிறது. அதுவும் வேதம்தானே.

ஆனால் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதை நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். சம்பளம் என்று வைத்தால், என்னென்ன செய்ய வேண்டும் என்று கமிட்டி பட்டியல் போடும். நாளைக்கு வரப்போகிற பாஸ்டரம்மா டாக்டராகவோ வக்கீலாகவோ இருக்கலாம், அவர் தன் வேலையைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நம்மைப் போல வந்து உட்காரவும் உரிமை இருக்க வேண்டும். நான் கேட்பது, அவர் எவ்வளவு செய்கிறார் என்று அளக்காமல் அவர் பெயரில் எதிர்காலத்துக்கு ஏதாவது சேர்வது. இபிஎஃப்-பில் சுயமாகப் பணம் கட்ட வழி இருக்கிறது, மாதாமாதம் ஒரு தொகையைச் சபை அவர் கணக்கில் போடட்டும். 2022 டிசம்பரிலிருந்து சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கான திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), வீட்டு வேலையில் அடிபட்டாலும் நோயால் முடங்கினாலும் உதவி கிடைக்கும். நம் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுச் செலவே அதைவிட அதிகம். ஓய்வுக்குப் பிறகு தங்கும் வீட்டுக்கான நிதியையும் இப்போதே தொடங்க வேண்டும், அது பெரிய பேச்சு, தனிக் குழு வேண்டும்.

எழுதுவதற்கு முன்பு பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்குச் சங்கடம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் நம் பெயர்களை எல்லாம் எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறவர் அவர். "இது ஆண்டவர் எனக்குக் கொடுத்த வேலை சிஸ்டர், நான் விரும்பித்தான் செய்றேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் உதவி கேட்டு வர்ற போனை யாராவது எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார். அதை மாதர் சங்கத்தில் முறை வைத்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பொதுக்கூட்டம் தேவையில்லை.

மற்றதற்குத் தேவை. தீர்மானத்தை எழுத்தில் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன், வழிமொழியவும் ஆள் இருக்கிறது. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள் என்று தெரியும். தயவுசெய்து அதற்குக் கை தூக்காதீர்கள். சொக்சோவின் அந்தத் திட்டத்தில் 55 வயதுக்குள் சேர வேண்டும், எங்கள் பாஸ்டரம்மாவுக்கு அடுத்த வருடம் 55 ஆகிறது.