பதிலையும் தானே எழுதிக் கொடுத்த பையன்

வின்ஸ்டன் சர்ச்சில் என்றாலே, அவர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது வந்த 1943 வங்கப் பஞ்சம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சின்ன வயதில் அவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்ததிலிருந்து மனசு கனத்துக் கிடக்கிறது.

1874இல் பிளெனிம் அரண்மனையில் பிறந்த பிள்ளை. தாத்தா மார்ல்பரோ டியூக். அப்பாவுக்கு அரசியல், அம்மா ஜென்னிக்கு லண்டன் விருந்துகள். பிள்ளையை வளர்த்தது எலிசபெத் எவரெஸ்ட் என்ற ஆயா. எட்டு வயது நிறைவதற்குள் அஸ்காட்டில் விடுதிப் பள்ளி. அங்கே பிரம்படி கடுமை. கடிதத்திலோ சந்தோஷமாக இருக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறான்.

விடுதியில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நானும் ஆறாம் வகுப்பிலேயே விடுதிக்குப் போனவன். இன்லேண்ட் லெட்டரின் முதல் வரியில் ‘இங்கு நான் நலம்’ என்று எழுதிவிட்டு, கடைசி மடிப்பில் ‘ஞாயிற்றுக்கிழமை வாம்மா’ என்று நுணுக்கி எழுதுவேன்.

1887, விக்டோரியா ராணியின் பொன்விழா. பையனுக்குப் பன்னிரண்டு வயது, பிரைட்டனில் வேறொரு பள்ளி. லண்டனுக்குப் போய் விழாவையும் அமெரிக்கக் கலைஞர் பஃபலோ பில்லின் குதிரைக் காட்சியையும் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறான். அதோடு விடவில்லை. பள்ளி ஆசிரியைக்கு அம்மா எப்படி எழுத வேண்டும் என்று அந்தக் கடிதத்தையும் தானே எழுதி அனுப்புகிறான். அம்மா அதைப் பார்த்து எழுதினால் போதும். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளை இவ்வளவு பாடுபடுமா?

‘அந்தக் காலத்துப் பிரபு வீடுகளில் அதுதான் வழக்கம்’ என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்த பிள்ளைக்கே அது பழகவில்லையே!

1891 கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர விடாமல், பிரெஞ்சு படிக்க வெர்சாய் போகச் சொன்னார்கள். பதினேழு வயதிலும் கெஞ்சி எழுதினான். நடை பிடிக்கவில்லை என்று, ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு அம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். கோபத்தோடு எழுதியிருப்பான்தான். அதற்காக மீதியைப் படிக்காமலா?

அப்புறம் 1893. பதினெட்டு வருடம் உழைத்த எவரெஸ்ட்டைக் குடும்பம் வேலையிலிருந்து நிறுத்துகிறது. இந்த முறை சர்ச்சில் தனக்காகக் கேட்கவில்லை. இது கொடுமை, அற்பத்தனம் என்று அம்மாவுக்கு நேராகவே எழுதினார். இத்தனை கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குடும்பம் மனம் மாறவில்லை.

1895 ஜூலையில் எவரெஸ்ட் இறந்தபோது சர்ச்சில் பக்கத்தில் இருந்தார். லண்டனில் அந்த அம்மாளின் கல்லறையில் கல் நட்டவர்கள் வின்ஸ்டனும் தம்பி ஜாக்கும். இருவர் பெயரும் அதில் இருக்கிறது.