முப்பது என்று எழுதினால் முப்பது என்றுதான் பொருள்

மூன்று நாட்களாக என் வானிலைப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று நம் குமரி மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "புயல் எங்கே அண்ணாச்சி?" என்று தலைப்பிட்டு, கீழே சிரிப்பு முகங்களை அடுக்கியிருக்கிறார்கள். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், நேற்று தக்கலைச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் அதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன்.

"குமரிக்கடலில் தாழ்வுப் பகுதி வலுப்பெற 30 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது" என்றுதான் எழுதியிருந்தேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் 30 என்ற எண் இருந்த வரி வெட்டப்பட்டிருக்கிறது. முப்பது என்றால், வராமல் போவதற்கு எழுபது. அது மாலத்தீவுப் பக்கம் நகர்ந்து கலைந்தது. நான் சொன்னதில் எது பொய்?

அந்த எண் நானாக ஊகித்ததும் அல்ல. ஐரோப்பிய வானிலை மையம், வானிலையின் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே நேரத்தில் 51 கணினிக் கணக்குகளை ஓட்டுகிறது. அன்றிரவு அவற்றில் 15 கணக்குகள் சுழற்சி தீவிரமடைவதைக் காட்டின, மீதி காட்டவில்லை. 51-இல் 15 என்றால் ஏறத்தாழ 30 விழுக்காடு. நம் கடல் 8 பாகை அட்சரேகையை ஒட்டியிருப்பதால் காற்றைச் சுழல வைக்கும் புவிச்சுழற்சியின் விசை அங்கே குறைவு, புயல் உருவாவது அரிது. ஆனால், உருவானால் நம் வாசலிலேயே உருவாகிவிடும்.

ஒக்கிப் புயலை மறந்துவிட்டோமா? 2017 நவம்பர் 29 காலையில் அது தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். இடையில் இருந்தது ஒரே நாள். அன்று நான் குலசேகரத்தில் மாமாவின் தோட்டத்தில் இருந்தேன். ரப்பர் மரங்கள் இடுப்பளவில் முறிந்து விழுந்துகொண்டே இருந்தன. முறிந்த இடங்களிலிருந்து பால் கசிந்து, மழைநீரோடு கலந்து, நடைபாதை முழுவதும் வெளுப்பாக ஓடியது. மாமா திண்ணையில் நின்று ஒரு சொல்லும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மரம் போனால் ஏழு ஆண்டுகளில் மறுபடியும் பால் வெட்டலாம். வள்ளவிளையில் என்னோடு படித்தவன் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தான். அவன் திரும்பவே இல்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தூத்தூரிலிருந்தும் சின்னத்துறையிலிருந்தும் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக வரும் எச்சரிக்கை கரை சேரப் போதாது. புறப்படும்போதே "அடுத்த வாரம் முப்பது விழுக்காடு" என்று தெரிந்திருந்தால்தான், எவ்வளவு தூரம் போவது என்றாவது அவர்கள் முடிவெடுக்க முடியும். உறுதியான பின்தான் சொல்ல வேண்டும் என்றால், அது கரையில் இருப்பவனுக்கு மட்டுமே பயன்படும்.

"வானிலை ஆய்வு மையம் இருக்கும்போது உனக்கென்ன தகுதி?" என்பார்கள். எச்சரிக்கை விடுப்பது அவர்களுடைய பணி என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதுகிறேன். நான் பதினோரு ஆண்டுகளாகக் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்து வைக்கிறவன், அவ்வளவுதான். "ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் கூலி யார் தருவார்?" என்ற கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், "உங்களுக்கெல்லாம் புயல் வந்தால் கொண்டாட்டம்" என்று ஒருவர் எழுதியிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. சுழற்சி உருவாகும் படத்தை நள்ளிரவில் விழித்திருந்து பார்க்கும்போது மனம் பரபரக்கிறது என்பது உண்மைதான். ஆனால், அந்தப் பரபரப்பில் பாதி அச்சம். வள்ளவிளைக் கடற்கரையில் பெண்கள் நாள்கணக்கில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்ட எவனும் புயலைக் கொண்டாட மாட்டான். அந்தப் பெண்களில் என் நண்பனின் அம்மாவும் இருந்தார். "யாராவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மக்கா" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். சிரிக்கிறவர்கள் அவரிடம் போய் என்ன சொல்வார்கள்?

இலங்கைக்குத் தென்கிழக்கே மீண்டும் ஒரு சுழற்சி தெரிகிறது. இன்றைய கணக்கு நள்ளிரவுக்கு மேல்தான் வரும். பத்து என்று வந்தால் பத்து என்றும், அறுபது என்று வந்தால் அறுபது என்றும் எழுதுவேன். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் இந்த முறையாவது எண்ணை வெட்டாமல் எடுங்கள்.