69 அடியிலேயே ஏன் திறந்தார்கள்?

மூன்று நாளாக அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். வைகை அணை மதகுக்கு முன்னால் ஒருவர் நின்று, பின்னால் தண்ணீர் நுரைத்து விழ, "71 அடி அணையை 69-லயே திறந்து நம்ம தண்ணியைக் கடலுக்கு அனுப்புறாங்க மக்களே" என்கிறாரே, அதுதான். மழை விட்டதும் நேற்று இரண்டாம் பாகம் வேறு: "வெள்ளம் வடிஞ்சிருச்சு, இன்னும் மூடல, அணையவே காலி பண்றாங்க." அதன் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதியதற்கு எனக்கு 'அதிகாரிகளின் சொம்பு' என்று பட்டம் கிடைத்திருக்கிறது. சரி, சொம்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எத்தனை கன அடி கொள்ளும் என்றாவது கணக்குப் பார்ப்போம்.

69-ல் திறந்தது சரி. வெள்ளம் வடிந்த பிறகும் உடனே மூடாமல் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கியதும் சரி. மழைக்காலம் முடியும்வரை அணையின் கடைசி இரண்டு அடி, அடுத்த வெள்ளத்துக்காகக் காலியாகக் கிடக்க வேண்டிய இடம். அதை நிரப்பி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு 6,000 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால், உச்சியில் ஒரு அடிக்குச் சுமார் 250 மில்லியன் கன அடி பிடிக்கும். ஆக 69-க்கும் 71-க்கும் நடுவே இருப்பது 500. வரத்து வினாடிக்கு 15,000 கன அடி என்று வையுங்கள். மணிக்கு 54 மில்லியன் கன அடி. ஒன்பது மணி நேரத்தில் அந்த இரண்டு அடியும் முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு 69 என்றால் விடியக்காலை மூன்று மணிக்கு 71. அதற்குமேல் வருவதை வந்தபடியே விட்டாக வேண்டும். சும்மா கிடந்த ஆற்றில் ஒரே மூச்சில் 15,000, அதுவும் ராத்திரி மூன்று மணிக்கு. மாட்டை ஆற்றுக்குள் கட்டிப்போட்டிருப்பவனை யார் போய் எழுப்புவது?

அதற்காகத்தான் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் தகவல் போகும். அணையில் சங்கு ஊதும். 69-க்குப் பிறகு வருவதை உபரியாக விடுவதுதான் நடைமுறை. மதகையும் ஒன்றை மட்டும் முழுக்கத் தூக்கிவிட மாட்டார்கள். பல மதகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் ஏற்றுவார்கள். ஒரு பக்கமாகத் தண்ணீர் பாய்ந்தால் கீழே வேகம் தணிக்கக் கட்டியிருக்கும் தளத்தை அரித்துவிடும். வீடியோவில் "பாருங்க, பாதிதான் தூக்கியிருக்காங்க, மெத்தனம்" என்று ஒரு வசனம் வருகிறதே, அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒரே வீடியோவில் ஏன் திறந்தார்கள் என்றும் ஏன் முழுக்கத் திறக்கவில்லை என்றும் கேட்கத் தனித்திறமை வேண்டும்.

"மழை வரும்னு தெரிஞ்சா அப்பத் திறக்கட்டுமே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அணைக்கு வரும் தண்ணீர் எல்லாம் ஒரே குணம் இல்லை, தம்பி. பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வருகிறது, வேண்டுமானால் மட்டுப்படுத்தலாம். வருசநாட்டிலிருந்து வரும் மூல வைகைக்கு மதகு கிடையாது. போடி, குரங்கணிப் பக்கம் பெய்தால் கொட்டக்குடி ஆறும் அப்படியே வரும். மலையில் சாயங்காலம் அடித்த மழைக்கு ராத்திரியே வரத்து ஏறிவிடும். அதுவும் ஏற்கெனவே ஒரு வெள்ளம் வந்து போன பிறகு மண் நனைந்து ஊறிக் கிடக்கும், குடிக்க இடமிருக்காது. முதல் மழையில் பாதியை மண் வாங்கிக்கொண்டது என்றால், அடுத்த மழை அதே அளவு பெய்தாலும் பெரும்பகுதி ஆற்றுக்குத்தான் ஓடிவரும். வெள்ளம் வடிந்துவிட்டது, இனி மூடலாம் என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

அணைக்குக் கீழேயும் பாருங்கள். மஞ்சளாறும் மருதாநதியும் கொடைக்கானல் மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து அணையைத் தாண்டித்தான் வைகையில் சேர்கின்றன. அங்கே பெய்யும்போது அணையில் திறப்பைக் குறைத்துப் பிடித்தால்தான் மதுரைக்குள் மட்டம் ஏறாது. குறைத்துப் பிடிக்க அணையில் இடம் வேண்டுமா வேண்டாமா? 71-ல் நிறுத்தி வைத்த அணையால் ஒரு மணி நேரம்கூட ஆற்றைத் தாங்கிப் பிடிக்க முடியாது. வருவதை அப்படியே தள்ளிவிடத்தான் அதனால் முடியும்.

செம்பரம்பாக்கத்தை மறந்துவிட்டோம். 2015 டிசம்பர் 1-ம் தேதி 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரையில் என்ன ஆனது? முன்கூட்டியே இறக்கியிருக்கலாமே என்று அன்றைக்கு ஊரே கேட்டது. இங்கே முன்கூட்டியே இறக்கினால் ஏன் இறக்கினாய் என்று கேட்கிறோம். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று நாமே ஒரு முடிவுக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

இறக்குவதிலும் அவசரம் கூடாது. வைகை அணை முழுக்கக் கல் கட்டுமானம் இல்லை. நடுவில் கல், இரு பக்கமும் மண்கரை. பல நாள் உயரத்தில் நின்ற தண்ணீர் மண்கரைக்குள் ஊறியிருக்கும். வெளியே மட்டத்தைச் சரேலென்று இறக்கினால் உள்ளே ஊறிய நீர் வெளியேற நேரமில்லாமல் கரையின் உள்சரிவைத் தள்ளும். சரிவு வழுக்கி விழும். ஆற்றங்கரைக்கும் இதே கதைதான். அதனால்தான் நாளுக்கு ஒரு அடி அளவில் நிதானமாக இறக்குவது. வரத்தைவிட 3,000 கன அடி கூடுதலாக விட்டால் ஒரு நாளில் சுமார் 260 மில்லியன் கன அடி, ஏறக்குறைய ஒரு அடி. "மூணு நாளா விட்டுக்கிட்டே இருக்காங்க" என்று குற்றச்சாட்டு மாதிரிச் சொல்கிறீர்களே, அந்த மூன்று நாள் இதற்குத்தான்.

'பெரியாறில் கேரளம் இதையே சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா' என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ரூல் கர்வ் என்கிற மாதவாரி மட்டக் கணக்கே தப்பு என்று யார் சொன்னது? முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்றது 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2021 அக்டோபரில் அதே நீதிமன்றம் நவம்பர் வரை 139.5 என்றது. அங்கே சண்டை எந்த மாதம் எந்த மட்டம் என்பதில். மழைக்காலத்தில் இடம் விட வேண்டும் என்பதில் இரண்டு பக்கத்துப் பொறியாளருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. விடுங்கள், அதைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது.

அடுத்தது, கடலில் வீணாகிறதாம். வைகைத் தண்ணீர் கடலைப் பார்ப்பதே அபூர்வம், அண்ணே. பேரணை தாண்டினால் விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை, வழியெங்கும் கண்மாய்கள், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பங்கே இருக்கிறது. நீங்கள் வீண் என்று சொல்லும் தண்ணீருக்காக ராமநாதபுரத்துக்காரர் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார். அவர் வீடியோ எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கேட்பவர்களிடம் மட்டும் எனக்குக் குரல் இறங்கிவிடுகிறது. 58 கிராமக் கால்வாய்க்கு அணை மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் ஏறும். 67-க்கும் 69-க்கும் நடுவே இருக்கிற இரண்டு அடிதான் அவர்கள் சொத்து. அதை ஆற்றில் விட்டுவிட்டு "பாதுகாப்பு" என்றால் கோபம் வரத்தான் செய்யும். அதே சமயம் அந்தக் கால்வாயில் 150 கன அடி அளவில்தான் விடுகிறார்கள், ஒரு நாளைக்கு 13 மில்லியன் கன அடி. ஒரு அடி குறைய 19 நாள் ஆகும். வெள்ளத்தை அந்த வழியாக மட்டும் இறக்க முடியாது. செய்ய வேண்டியது, 67-க்குக் கீழே போகாமல் நிறுத்துவதும், ஆற்றில் உபரி திறக்கிற அன்றைக்கே கால்வாயையும் திறப்பதும். கோரிக்கை, கூட்டம், அரசாணை என்று வாரக்கணக்கில் இழுத்து மட்டம் இறங்கிய பிறகு திறப்பது அநியாயம். இதற்கு வீடியோ போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன்.

கோடையில் மதுரைக்குக் குடிதண்ணீர்? டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் 71 வரை ஏற்றிக்கொள்ளலாம், யார் தடுத்தது? தூர்? வார வேண்டும். மறுபேச்சில்லை.

பெரிய அணையை விடுங்கள், உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வாருங்கள். நிறைந்த கண்மாய் மறுகால் பாய ஆரம்பித்ததும் நடப்பது என்ன? மேல்பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் தன் பயிர் மூழ்குகிறது என்று, உபரி வழிந்தோடும் கலுங்கை இடிக்கச் சொல்வார். கீழ்மடைக்காரர் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஒரு அடி பிடிக்கச் சொல்வார். அந்த ஒரு அடிதான் கரையை உடைக்கும். உடைவதும் எங்கே என்று, கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டியைக் கேட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: மடை ஓரம், நண்டு வளை, பழைய மரத்தின் வேர் மக்கிப்போன இடம். அவர் டார்ச்சை வைத்துக்கொண்டு கரையின் வெளியடி ஓரமாகவே நடப்பார். கசிவு தெளிவாக வந்தால் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். கலங்கலாக வந்தால் கரைமண் உள்ளிருந்து அரிக்கப்பட்டு வருகிறது என்று அர்த்தம், அங்கேயே நின்று ஆள் கூப்பிடுவார். ஊற்றின் வாயில் சாக்கைத் திணித்து அடைக்கக் கூடாது, பக்கத்தில் இன்னொரு வாய் திறந்துகொள்ளும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட்டு, அதன் பாரத்தாலேயே வேகத்தைத் தணிக்க வேண்டும். வாய்மேல் மணலும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வரும், மண் நிற்கும். அப்புறம் மடையைத் திறந்து மட்டத்தை நிதானமாக இறக்குவார். கண்மாயில் நிறைந்த தண்ணீரை அவர் திறந்துவிடுவதைப் பார்த்து ஊரில் யாரும் சொம்பு என்று சொன்னதில்லை.

2024 அக்டோபர் 25-ம் தேதி செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அது வைகை அணைத் தண்ணீரா? இல்லை. மதுரைக்குள் பெய்த மழையும், செல்லூர் கண்மாயும், பந்தல்குடி வாய்க்காலும். வாய்க்காலின் அகலம் என்னவாக இருந்தது, இப்போது என்னவாக இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து வீடியோ போட்டால் முந்நூறு பேர் பார்ப்பார்கள். மதகு முன்னால் நின்றால் மூன்று லட்சம். அதனால் மதகு முன்னால் நிற்கிறீர்கள், புரிகிறது.

எனக்குக் கோபம் இதில்தான். ஆற்றில் இவ்வளவு தண்ணீர் போன பிறகும் பல கண்மாய் பாதிகூட நிறையவில்லை. வரத்துக்கால்வாய்க்குள் சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, அதற்கு மேல் ரோடு போட்டவர்கள் பதித்த ஒற்றைக் குழாய். நாலு ஆள் நுழையும் அகலத்துக் கால்வாய் ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு குழாய்க்குள் போக வேண்டுமாம். குப்பை வந்து வாயில் சொருகினால் முடிந்தது, தண்ணீர் திரும்பி ஆற்றுக்கே போய்விடும். அடைப்பை எடுக்க யார் வர வேண்டும் என்று கேட்டால் நீர்வளத்துறை நெடுஞ்சாலையைக் காட்டும், நெடுஞ்சாலை ஊராட்சியைக் காட்டும், ஊராட்சி நிதி இல்லை என்று சொல்லும். வெள்ளத்தன்று ராத்திரி கடப்பாறையோடு இறங்கி எடுப்பது யாரோ நாலு விவசாயி.

இதைச் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பீர்கள், அணையைப் பற்றிச் சொன்னால் சொம்பு. நான் எதைத்தான் எழுதுவது? கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், ஒரு எண்ணோடு திட்டுங்கள்: மட்டம் எத்தனை, வரத்து எத்தனை, திறப்பு எத்தனை. மூன்றும் தினமும் பேப்பரில் வருகிறது.