கீரைதானே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இன்னும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. 32 நாள் மொட்டை மாடியில் மண் நிரப்பின பைகளில் தண்ணீர் ஊற்றி வளர்த்த அரைக்கீரையை அன்று காலைதான் அறுத்தேன். நாலு பை நிறையக் கீரை. ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டுக் கடைந்தால் ஒரு கிண்ணம் வந்தது. கீரை அப்படித்தான். முறத்தில் குன்று மாதிரி குவிந்திருக்கும், அடுப்பில் ஏற்றினால் சட்டியின் அடியோடு அடங்கிவிடும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே.

அந்தக் கிண்ணம் ஒரு சுற்று போனது. சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கு இரண்டு கரண்டி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்கார்ந்தபோது அடியில் நாலு பூண்டுப் பல் மட்டும் கிடந்தது.

"கீரைதானே அண்ணி, நாளைக்குப் பண்ணிக்கலாம். இன்னிக்கு ஒரு கைப்பிடி சாதம் போட்டுக்கங்க, ஒண்ணும் ஆயிடாது" என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஒன்றும் ஆகாதா? எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருடம். விளையாட்டுக்கு விடவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயக்கம் வரும் என்பதால், முதலில் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் தொடங்கினேன். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. அதே 100 கிராம் பாலக்கீரையில் மூன்றரை கிராம் சொச்சம், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. அரைக்கீரையும் முளைக்கீரையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வயிறு நிறைய வேண்டும், சர்க்கரையும் ஏறக்கூடாது என்றால் நான் வேறு எதைத் தட்டில் போட்டுக்கொள்வது? உங்களுக்கு அது தொட்டுக்கொள்ள. எனக்கு அதுதான் சோறு. உங்கள் தட்டிலிருந்து யாராவது சோற்றை வழித்து எடுத்துவிட்டு "சோறுதானே" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மதிப்பில்லாத ஆளைப் பற்றிச் சொல்லும்போது "அவன் என்ன கிள்ளுக்கீரையா?" என்று கேட்கிறோம். போகிற போக்கில் கிள்ளிப் போட்டுக்கொள்கிற பொருள் என்று முடிவே கட்டியாகிவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடுகை விடச் சின்னது. மணலில் கலந்து தூவவில்லை என்றால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, முளைத்து, ஒன்றையொன்று நெருக்கிச் சாகும். தூவின அன்றைக்கே எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்காகப் பக்கத்தில் ரவை தூவி வைக்கிறேன், அதையாவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. முளை விட்டதும் புறா வருகிறது. சித்திரை வெயிலில் மாடித் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும், பச்சை வலை கட்டாவிட்டால் மதியத்துக்குள் நாற்று தலை தொங்கிவிடும். ஐப்பசியில் அடைமழை வந்தால் பை முழுக்கத் தண்ணீர் தேங்கித் தண்டு அடியோடு அழுகும். போன வருடம் அப்படி ஒரே ராத்திரியில் ஆறு பை போனது. இதெல்லாம் தப்பிப் பிழைத்து இலை அகலமாக விரியும் நேரத்தில், இரண்டு இலையை ஒட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு தின்கிற புழு வரும். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வரும். விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் புழு பொறுக்கியிருக்கிறேன். சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கரைத்து இலையைத் திருப்பித் திருப்பி அடித்திருக்கிறேன். முதுகு என்னுடையது.

"இவ்வளவு எதுக்கு, கடையில வாங்கிட்டா போச்சு" என்கிறார்கள். நானும் வாங்கினவள்தான். கட்டின் பாதி வேரும் மண்ணும் முற்றின தண்டும். எடை தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளித்துத் தெளித்து, மத்தியானத்துக்குள் உள்பக்கம் கொழகொழத்துப் போயிருக்கும். ஒரு நாள் கழுவும்போது மருந்து வாடை மூக்கில் ஏறியது. நாலாவது தண்ணீரிலும் போகவில்லை. மற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள் இரண்டு கரண்டி சாப்பிடுகிறவர்கள். நான் தினமும், இரண்டு வேளையும் சாப்பிடுகிறவள். எனக்கு அந்த வாடை சின்ன விஷயம் இல்லை.

வீடியோவில் வருகிற ஆட்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் தனி. "தினமும் கால் கிலோ கீரை எடுத்துக்கோங்க, ரொம்ப சிம்பிள்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எடுத்துக்கொள்கிறேன், சரி. ஆய்வது யார்? கால் கிலோ முருங்கைக்கீரையை உருவி, ஈர்க்குக் காம்பைப் பொறுக்கி, பழுப்பு நீக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பொன்னாங்கண்ணி அதற்கும் மேல். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற பெண் எத்தனை மணிக்கு ஆய்வாள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள்? இட்லி மாவு தெருமுனையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. அரிசி குக்கரில் தானே வெந்துவிடுகிறது. கீரைக்கு மட்டும் ஒரு ஆள் முறத்தோடு உட்கார வேண்டும். ஆம்பளைகள் டயட் இருக்கும் வீடுகளில் அந்த ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒருவர் 11 கிலோ குறைத்தார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். தினமும் ராத்திரி அவருக்காகக் கீரை ஆய்ந்த அந்த அக்காவிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராத்திரி என்றதும் அடுத்த சண்டை. என் அத்தைக்கு ராத்திரியில் கீரை கூடாது. செரிக்காதாம். அந்தக் காலத்தில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் புழு பூச்சி தெரியாது என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது ட்யூப்லைட் எரிகிறது, ஆய்ந்ததும் பகலில்தான். நாலு இட்லி செரிக்கும், தேங்காய் எண்ணெயில் வதக்கி முட்டை ஊற்றிக் கிளறின முருங்கைக்கீரை செரிக்காதா? அத்தை பெரியவர், எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரில் நின்று "கீரையாம்மா, இந்நேரத்துலயா" என்று கேட்டால் வாயில் வைத்தது இறங்குமா?

இன்னொரு கூட்டம் "தினம் கீரை தின்னா கிட்னியில கல்லு வரும்" என்கிறது. முளைக்கீரை, பாலக்கீரை மாதிரி கீரைகளில் ஆக்சலேட் அதிகம் என்பது உண்மை. ஏற்கெனவே கல் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் கேட்டேன். ஒரே கீரையைத் தினமும் தின்பதில்லை, வெந்தயக்கீரை, முருங்கை என்று மாற்றிக்கொள்கிறேன், சிலதை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கிறேன். இவ்வளவும் விசாரித்துச் செய்கிறவளிடம் வந்து, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கலக்கிக்கொண்டே கல்லைப் பற்றி எச்சரிக்கை.

சர்க்கரை என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு விசேஷ வீட்டில், எனக்காக என்றே கீரைப் பொரியல் செய்திருந்தார்கள். மனசு குளிர்ந்து போனது. வாயில் வைத்தால் இனிக்கிறது. பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சர்க்கரை போட்டார்களாம். ஹோட்டலுக்குப் போனால் கீரைக்கூட்டு என்று ஒரு சின்னக் கிண்ணம் தருவார்கள், அதில் பருப்புக்கு நடுவே கீரையைத் தேட வேண்டும். காசு அதிகம் தருகிறேன், மூன்று கிண்ணம் வெறும் கீரையாகக் கொடுங்கள் என்று கேட்டால் "அப்படித் தனியா வராது மேடம்." அத்தனை வகைச் சோறும் தனியாக வருகிறது.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு மாடிக்குப் போனேன். மத்தியானம் இரண்டு முட்டையை அவித்துத் தின்றதுதான், பசி அடங்கவில்லை. அறுத்த தூர்கள் நாலு பையிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மொட்டையாக நின்றன. அரைக்கீரைக்கு அது ஒரு குணம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். தொழுவுரம் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி அறுப்புக்கு வந்துவிடும். அன்றைக்கு என் கிண்ணத்தை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் பந்திக்குக் கொண்டுபோவேன். யார் வந்திருந்தாலும் சரி.