புறாவின் காலில் ஒருவர் பெயரில் வளையம் இருந்தாலே அவர் உரிமையாளர் என்பது தவறு

"கர்ணப் புறாவின் (வானில் கரணமடிக்கும் புறா) காலில் யார் பெயரில் வளையம் இருக்கிறதோ, புறா அவருக்கே சொந்தம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது சரியல்ல.

புறா வளர்ப்போர் சங்கம் தரும் மூடிய வளையத்தில் (திறக்க முடியாத முழு வளையம்) சங்கத்தின் எழுத்து, ஆண்டு, வரிசை எண் இருக்கும். அந்த எண்ணை வாங்கியவர் யார் என்பதுதான் சங்கப் பதிவேட்டில் தெரியும். பெரும்பாலும் அவர் குஞ்சு பொரிக்க வைத்தவர். புறாவை அவர் விற்றிருக்கலாம், கொடுத்திருக்கலாம். இந்தியாவில் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, உரிமை எப்போது மாற வேண்டும் என்று விற்பவரும் வாங்குபவரும் எண்ணினார்களோ அப்போதே மாறிவிடும். வளையம் காலிலேயே இருக்கும்.

மூடிய வளையத்தைக் குஞ்சின் ஏழாம் நாளையொட்டிப் போடுவார்கள். முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டிப் பிடித்து வளையத்தை மேலேற்றி, பிறகு பின்விரலை விடுவிக்க வேண்டும். முந்திப் போட்டால் கூட்டிலேயே கழன்று விழும். மறுநாள் பார்ப்பது அவசியம். பிந்தினால் நுழையாது. வலிந்து தள்ளிக் காலைக் காயப்படுத்தவே கூடாது.

பிளாஸ்டிக் திறப்பு வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம், கழற்றலாம். அதை வைத்து உரிமை கோருவது வீண். வளையம் வெட்டப்பட்டிருந்தால் திருட்டுப் புறா என்றும் சொல்லிவிட முடியாது. கால் வீங்கினால் வளையத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

வாங்கும்போது வளைய எண், நிறம், ஆணா பெண்ணா, தேதி, விலை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரு சிறகையும் விரித்துப் படம் எடுங்கள். வழிதவறி வந்த புறாவா? முதலில் வளைய எண்ணைச் சங்கத்திடம் சொல்லுங்கள்.